ஐந்தரைக் கட்டைக்காரர்

மைத்துனனின் கட்டைவிரல் நகத்துக்குள் மஞ்சளாக ஏதோ மின்னியதை அவர் முதன்முதலாகக் கவனித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான் அவன். பூவின் மகரந்தமாக இருக்குமோ என்றால் அவனுக்கும் பூவுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அவர் சற்றுக் குனிந்து பார்த்தார். பித்தளைத் தூள்.

“என்ன மாப்ளே, பட்டறையில வேலைக்குச் சேர்ந்துட்டியா?”

அவன் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். ஒரு பூட்டு திறக்கவில்லை, அரம் வைத்து ராவினேன் என்றான். எந்தப் பூட்டு என்று கேட்பதற்குள் அவருடைய மனைவி, அதாவது அவனுடைய அக்கா, வெந்நீர்க் கூஜாவைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். வைத்த வேகத்தில் தண்ணீர் தளும்பியது. அக்காவும் தம்பியும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள்.

முப்பத்தெட்டு வருஷமாக நடிப்பவர் அவர். எந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அது பூட்டைப் பற்றிய பார்வை அல்ல.

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் அஞ்சரையார். பாடுகிறவர்களின் சுருதியை ஹார்மோனியத்தின் கட்டைகளை எண்ணிச் சொல்வது வழக்கம். சாதாரண ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரை, மிஞ்சிப்போனால் இரண்டு கட்டை. இவர் நின்றது ஐந்தரையில். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் நடுக்கட்டை. மற்றவர்கள் ஏணி போட்டு ஏறுகிற இடத்தில் இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கிருந்து மேலே ஏறுவார்.

பதினோரு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். முதலில் பெண் வேஷம், மீசை முளைத்ததும் ராஜா வேஷம். தகரக் கொட்டகையில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். மைக் என்ற சொல்லே அப்போது கிடையாது. கடைசி வரிசையில் குழந்தை அழுதாலும் அந்த அழுகைக்கு மேலே பாட்டு கேட்டாக வேண்டும். அதற்குத்தான் ஐந்தரை. பிறகு சினிமா பேச ஆரம்பித்தது. முகம் மட்டும் வைத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். தொண்டை வைத்திருந்த இவரைக் கார் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

அந்த நாள் படப்பிடிப்பில் நடிக்கும்போதே பாட வேண்டும். மைக்கைப் பூச்சாடிக்குள் ஒளித்து வைப்பார்கள். வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாமல் துணிச்சுவருக்குப் பின்னாலும், இடமில்லாவிட்டால் மேஜைக்கு அடியிலும் உட்கார்ந்து வாசிப்பார்கள். யாராவது தும்மினால் பாட்டு மறுபடி முதலிலிருந்து. அப்படித் தும்மிய ஒரு வயலின்காரரைப் படக் கம்பெனி முதலாளி இன்றைக்கும் ‘தும்மல்’ என்றே கூப்பிடுகிறார்.

இதெல்லாம் சொல்லக் காரணம், அந்த வாரம் வெள்ளிக்கிழமை அஞ்சரையாரின் வாழ்க்கையே ஒரு பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

புதிய முறை ஒன்று வந்திருந்தது. பாட்டை வேறு யாராவது நல்ல குரல்காரர் ஓர் அறைக்குள் முன்கூட்டியே பாடிவிடுவார். படப்பிடிப்பில் அதை ஓடவிட்டு நடிகர் வாயை மட்டும் அசைத்தால் போதும். முதலாளிக்கு அதில் ஆசை வந்துவிட்டது. வானொலியில் பாடும் ஓர் இளைஞனைப் பார்த்தும் வைத்திருந்தார். அஞ்சரையாரிடம் இதைப் பக்குவமாகத்தான் சொன்னார். வயதாகிறது, சிரமம் வேண்டாமே என்றார்.

“என் வாயில இன்னொருத்தன் குரல் வந்தா அப்புறம் அது என் வாய் இல்லீங்க முதலாளி. நான் வீட்டுக்குப் போயிடறேன்.”

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். புதுப் படத்தின் பியானோப் பாட்டை வெள்ளிக்கிழமை பழைய முறையிலேயே எடுப்பது. மூன்று தடவைக்குள் உச்சி இடத்தைப் பிசிறில்லாமல் பாடிவிட்டால் படத்தின் ஏழு பாட்டும் இவருக்கு. இல்லாவிட்டால் ஏழும் வானொலிக்காரனுக்கு, வாயசைப்பு மட்டும் இவருக்கு. அஞ்சரையார் யோசிக்கக்கூட இல்லை. கைகொடுத்துவிட்டார்.

அவருக்கு என்ன பயம்? இரண்டு வருஷம் முன்னால் கேட்டிருந்தால் பயந்திருப்பார். ஒரு சிறைச்சாலைக் காட்சியில் உச்சிக்குப் போன குரல் பாதியில் கிழிந்தது. பதினேழு தடவை எடுத்தார்கள். பதினேழிலும் கிழிந்தது. பதினெட்டாவதில் ஏதோ ஒப்பேறியது. அதற்குப் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. மாதத்துக்கு மாதம் குரல் இலகுவானது. மேலே ஏறுவது மாடிப்படி ஏறுவதுபோல ஆனது. புகையிலையை விட்டேன், வெந்நீரில் தேன் கலந்து குடிக்கிறேன், விடியற்காலையில் நடக்கிறேன் என்று பத்திரிகைக்காரர்களுக்குப் பேட்டி கொடுத்தார். நாற்பத்தொன்பது வயதில் தொண்டைக்கு மட்டும் இருபத்தைந்து என்று ஒரு பத்திரிகை தலைப்பே போட்டது.

அப்படி எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் இந்தப் பித்தளைத் தூள்.

ஒரு தூளைப் பார்த்ததும் மற்றவை எல்லாம் தாமாக வந்து வரிசையில் நின்றன.

முதலாவது, ஹார்மோனியப் பெட்டி. மைத்துனன் பதினைந்து வருஷமாக இவருக்கு ஹார்மோனியம் வாசிக்கிறவன். முன்பெல்லாம் பெட்டி கூடத்தில் திறந்தே கிடக்கும். இப்போது அதற்கு ஒரு பூட்டு. சாவி அவன் இடுப்பில். தூசி படுகிறது என்கிறான். பதினைந்து வருஷமாகப் படாத தூசி!

இரண்டாவது, கிராமபோன். ஆறு மாதமாக அது வீட்டில் இல்லை. ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்கிறாள் மனைவி. கடைக்காரன் ஊரில் இல்லை என்றாள். பிறகு ஸ்பிரிங் கிடைக்கவில்லை என்றாள். போன வாரம் கேட்டதற்கு, உங்க பாட்டை நீங்களே கேட்டு என்ன ஆகப்போகுது என்று சிரித்தாள்.

மூன்றாவது, புல்லாங்குழல்காரர். அவரிடம் பத்துப் பன்னிரண்டு குழல்கள் உண்டு. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழல். எந்தக் குழல் எந்தக் கட்டைக்கு என்று நுனியில் எண் கீறியிருக்கும். அஞ்சரையாருக்காக எடுக்கும் குழலின் நுனியில் மட்டும், எண் தெரியாதபடி, சிவப்பு நூல் சுற்றியிருந்தது. ஏன் என்று போன மாதம் கேட்டபோது கீறல் விட்டுவிட்டது என்றார் அந்த மனிதர், கண்ணைப் பார்க்காமல்.

நான்காவது, பியானோ. காட்சி இதுதான்: கதாநாயகன் பியானோவுக்கு அருகில் வருகிறான், ஒரே ஒரு கட்டையை விரலால் அழுத்திச் சுருதி எடுத்துக்கொள்கிறான், பிறகு நின்றபடி பாடுகிறான். கேமரா விரலை அருகில் பார்க்கும் என்று டைரக்டர் சொன்னபோது எல்லோரும் ஆகா என்றார்கள். மைத்துனனின் முகம் மட்டும் செத்துப்போனது. இரண்டு நாள் டைரக்டரின் பின்னாலேயே அலைந்தான். பியானோ வேண்டாம், ஜன்னலோரம் நின்று பாடட்டும் என்றான். பியானோவில் அவனுக்கு என்ன வந்தது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அஞ்சரையார் கிராமபோன் ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் ஊரில்தான் இருந்தார். எழுந்து நின்று நாற்காலி போட்டார். உங்கள் வீட்டிலிருந்து கிராமபோன் எதுவும் வரவில்லையே, வந்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டல்லவா செய்திருப்பேன் என்றார். சுவரெல்லாம் ஸ்பிரிங் தொங்கியது.

அஞ்சரையார் தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். மனைவி பொய் சொல்லியிருக்கிறாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் கண்டுபிடித்த முதல் பொய். கண்டுபிடிக்காதவை எத்தனையோ என்ற நினைப்பு வீடு வரைக்கும் கூடவே நடந்து வந்தது.

புதன்கிழமை மாலை மாடிப்படியில் நின்றார். ஒட்டுக்கேட்கவில்லை, செருப்பு மாட்டத்தான் நின்றேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கீழே மனைவி வசனம் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து வரும் வசனத்தை அவள்தான் எப்போதும் அவருக்காகத் தனித் தாளில் எழுதிக் கொடுப்பாள். முன்பெல்லாம் நாலு தாளில் முடிகிற காட்சிக்கு இப்போது பதினைந்து தாள் வந்தது. வசனகர்த்தா நீட்டி முழக்குகிறார் என்று அஞ்சரையார் முதலாளியிடம்கூடக் குறைபட்டிருந்தார்.

பேனா நின்றது. அவள் குரல் கேட்டது.

“நாளைக்குள்ள முடிச்சிடுவியா?”

“ஸ்டூடியோவுல நாளைக்கு யாரும் இல்ல. செட்டுக்குப் பெயிண்ட் காயணும்னு லீவு விட்டிருக்காங்க. முடிச்சிடறேன்க்கா.”

“அவருக்குத் தெரிஞ்சா உயிரையே விட்டுடுவாருடா.”

“தெரியாதுக்கா. இவ்வளவு நாள் தெரியல.”

அஞ்சரையார் செருப்பை மாட்டாமலே மாடிக்குத் திரும்பினார். கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கணக்குச் சுலபமாக இருந்தது. வானொலிக்காரன் சின்ன வயசு, முப்பது வருஷம் பாடுவான். அவனுக்கும் ஒரு ஹார்மோனியக்காரன் வேண்டும். இவர் வெள்ளிக்கிழமை தோற்றால் மைத்துனனுக்கு முப்பது வருஷ வேலை. பியானோவை ஏதோ செய்யப் போகிறான். சுருதி எடுக்கிற கட்டை சரியாக இல்லாவிட்டால் பாட்டு எப்படிச் சரியாக வரும்? புல்லாங்குழலும் கூட்டு. எல்லோரும் கூட்டு.

மனைவி எதற்காக என்ற ஓர் இடத்தில் மட்டும் கணக்கு இடித்தது. தம்பி என்றால் அவளுக்கு உயிர் என்று எழுதி அந்த இடத்தையும் அடைத்துவிட்டார். அடைத்த பிறகு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மைத்துனன் கிளம்பினான். கோட்டின் ஒரு பை கனத்துத் தொங்கியது. அஞ்சரையார் மேக்கப் பெட்டியிலிருந்து ஒரு குறுந்தாடியை எடுத்து ஒட்டிக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டுப் பின்னாலேயே போனார். பஸ்ஸில் அவன் முன் இருக்கையில், இவர் கடைசி இருக்கையில். வாயைத் திறந்தால் பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும் என்பதால் கண்டக்டரிடம் விரலால் ஒன்று என்று காட்டினார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “தொண்டையைப் பத்திரமாப் பாத்துக்குங்கண்ணே, நாளைக்குப் பாட்டு இருக்காமே” என்றார்.

ஸ்டூடியோ வாசலில் காவல்காரர், மைத்துனன் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகிறது என்று கேட்காமலே சொன்னார். தாடி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

பெரிய தளம் இருட்டிக் கிடந்தது. புதுப் பெயிண்ட் வாசனை. நடுவில் வரவேற்பறை செட், வெல்வெட் திரை, படம் வரைந்த ஜன்னல். ஒரே ஒரு விளக்கு பியானோவின் மேல் எரிந்தது. பியானோவின் மூடி திறந்திருந்தது. மைத்துனன் அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, கையிலிருந்த இரும்புச் சாவியால் எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

டங் என்று ஒரு சத்தம். கம்பி அறுந்து சுருண்டு அவன் கன்னத்துக்கு அருகில் வந்து ஆடியது.

அஞ்சரையார் தாடியைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார்.

“யாருக்காகடா இதெல்லாம்?”

மைத்துனன் அப்படியே நின்றான்.

“வானொலிக்காரன் எத்தனை நாளா உன்கிட்ட வர்றான்?”

“எந்த வானொலிக்காரன் அத்தான்?”

“நடிக்காத. நடிக்கிறதுக்கு இந்த வீட்ல நான் ஒருத்தன் போதும்.”

மைத்துனன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு சாவியைப் பியானோவின் மேல் வைத்தான். இனிமேல் மறைக்க முடியாது என்று முடிவு செய்த ஆளின் நிதானம் அதில் இருந்தது.

“அத்தான், அந்த நடுக்கறுப்பை அமுக்குங்க. அஞ்சரை. ஒரு கட்டைக்கு மூணு கம்பி. ஒண்ணுதான் அறுந்திருக்கு. மத்த ரெண்டையும் நான் தொடல. நேத்து பியானோக் கடைக்காரர் சுருதி சேர்த்துட்டுப் போனபடியே இருக்கு.”

“எனக்குச் சொல்லிக் குடுக்கறியா?”

“அமுக்குங்க. அமுக்கிட்டுப் பாடுங்க. அப்புறம் என்னை அடிங்க.”

அஞ்சரையார் அழுத்தினார். ஒலி எழுந்தது. பாடத் திறந்த வாய் ஒரு கணம் தயங்கியது. தினமும் ஏறும் வீட்டுப் படியில் யாரோ இரண்டு படி கூட்டிவிட்டதுபோல இருந்தது. பாடினார். முதல் அடி வந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவது அடியில் மூச்சு போதவில்லை. உச்சியில், இரண்டு வருஷம் முன்னால் சிறைச்சாலைக் காட்சியில் கிழிந்த அதே இடத்தில், அதே மாதிரி கிழிந்தது.

இன்னொரு தடவை பாடினார். மறுபடியும் கிழிந்தது. மூன்றாவது தடவை பாடவில்லை.

“வீட்டு ஹார்மோனியத்துல வருதே,” என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

“அதுல அஞ்சரை அஞ்சரையா இல்ல அத்தான்.”

மைத்துனன் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஹார்மோனியத்துக்குள் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பித்தளை நாக்கு உண்டு. அடியில் அரத்தால் லேசாக ராவினால் சத்தம் கொஞ்சம் இறங்கும். அந்தப் பதினேழு தடவைக்குப் பிறகு, மாதத்துக்கு ஒரு மயிரிழையாக அத்தனை நாக்குகளையும் இறக்கிக்கொண்டே வந்தான். எட்டு மாதத்தில் முழுசாக ஒரு கட்டை இறங்கிவிட்டது. அஞ்சரையார் கண்ணால் பார்ப்பது ஐந்தரைக் கட்டை, காதால் கேட்பது நாலரை. இந்த வாரம் ஒரு நாக்கு உடைந்து புதிது போட வேண்டி வந்தது. அதை மற்றவற்றோடு சேர இறக்கியபோது ஒட்டியதுதான் நகத்திலிருந்த தூள். பியானோ அவன் பேச்சைக் கேட்காத வாத்தியம். அதில் அவர் நடுக்கறுப்பை அழுத்திய உடனே குட்டு உடைந்துவிடும். அதனால் அந்த ஒரே ஒரு கட்டையை மட்டும் இறக்கிவிடலாம் என்று வந்தான். இறக்கினது அதிகமாகிவிட்டது, திரும்ப ஏற்றினான், அறுந்தது.

அஞ்சரையார் பியானோ ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார்.

“யார் யாருக்குத் தெரியும்?”

“தும்மலுக்குத் தெரியும். தபலாக்காரர் இறங்கின சுருதிக்குத் தோதா, பெரிய வாய் வெச்ச தபலா ஒண்ணு மாத்திக்கிட்டார். குழல்காரர் நாலரைக் குழல்ல நூல் சுத்திக்கிட்டார். சவுண்டு இஞ்சினியருக்குத் தெரியும். டீக்காரருக்கும்.”

“டீக்காரருக்குமா?”

“அவர் முன்ன நாடகத்துல ஹார்மோனியம் வாசிச்சவர் அத்தான். ஒரு நாள் கிளாஸ் எடுக்க வந்தவர், ரெண்டு வரி கேட்டுட்டு, இறக்கிட்டியான்னு கேட்டார். யார்கிட்டயும் சொல்லல.”

அதாவது, மொத்த ஸ்டூடியோவும் அவர் தூங்குவதற்குத் தலையணை எடுத்துக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு, கால்விரல் நுனியில் இரண்டு வருஷமாக நடந்திருக்கிறது. புகையிலையும் தேனும் விடியற்கால நடையும் என்று அவர் பேட்டி கொடுத்ததை எல்லோரும் படித்திருப்பார்கள். படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்திருக்கிறார்கள். எது மோசம் என்று அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து நேராகப் படுக்கையறை அலமாரியைத் திறந்தார். போர்வைகளுக்கு அடியில் கிராமபோன் இருந்தது. பழைய ரிக்கார்டும் இன்றைய குரலும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும் என்பதற்காக அங்கே படுத்திருந்தது. மனைவி வாசற்படியில் நின்றாள். தம்பி முன்னாலேயே அவளுக்குப் போன் செய்திருக்க வேண்டும்.

“யோசனை உன்னுதா, அவன்துதா?”

“என்னுதுதாங்க.”

“ஏன்?”

“அந்தப் பதினேழு தடவை ஆன அன்னிக்கு வீட்டுக்கு வந்து, பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அரை மணி நேரம் உள்ள இருந்தீங்க. தண்ணி சத்தத்துல வெளிய கேக்காதுன்னு நினைச்சீங்க. அஞ்சரைக் கட்டை அழுகைங்க அது. தெருவுக்கே கேட்டுச்சு.”

அவர் அலமாரியிலிருந்து கிராமபோனை வெளியே எடுத்தார். பத்து வருஷம் முந்திய ரிக்கார்டு ஒன்றை எடுத்து வைத்து முள்ளை இறக்கினார். இருவரும் நின்றபடியே கேட்டார்கள். அந்தக் குரல் எந்தச் சிரமமும் இல்லாமல் கூரைக்கு மேலே போய் நின்றது. பாட்டு முடிந்ததும், “நல்லாத்தான் பாடியிருக்கான்” என்றார், வேறு யாரையோ சொல்வதுபோல.

மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். தொண்டை கட்டிவிட்டது என்று ஒரு வாரம் தள்ளிப்போடலாம். அதற்குள் தம்பி அந்தக் கம்பியை எப்படியாவது சரிசெய்துவிடுவான். முதலாளிக்குச் சங்கீதம் தெரியாது, யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இப்போது சந்தேகப்படுவது அவளுடைய முறையாயிற்று. வெள்ளிக்கிழமை காலை அவர் எந்தக் கோட்டைப் போட்டுக்கொள்கிறார் என்பதைக்கூட அவள் உற்றுப் பார்த்தாள்.

வாடகைப் பியானோக் கடைக்காரர் காலையிலேயே வந்து, எந்த மடையன் கை வைத்தது என்று திட்டிக்கொண்டே புதுக் கம்பி மாட்டிவிட்டுப் போனார். மைத்துனன் அந்தத் திட்டு முழுவதையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டான்.

பத்து மணிக்கு விளக்குகள் எரிந்தன. மின்விசிறிகளை நிறுத்தினார்கள். வாத்தியக்காரர்கள் வெல்வெட் திரைக்குப் பின்னால் போனார்கள். முதலாளி கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில், சாம்பல் நிறக் கோட்டு, வழித்து வாரிய தலை, மடியில் மடித்து வைத்த கைகள். வானொலிக்காரன். அவனைப் பார்த்ததும் அஞ்சரையாருக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. எல்லாமே தன் கற்பனை இல்லை.

மனைவி தளத்தின் கதவோரம் நின்றிருந்தாள். பொதுவாகப் படப்பிடிப்புக்கு வரமாட்டாள்.

டைரக்டர் கையசைத்தார். அஞ்சரையார் பியானோவை நோக்கி நடந்தார். ஒத்திகையில் நடந்த அதே பத்து அடி. கேமரா விரலைப் பார்த்தது. துணி இடுக்கில் மைத்துனனின் ஒரு கண் தெரிந்தது.

விரல் மூன்று கறுப்புக் கட்டைகளுக்கு மேலே போய் நின்றது. நடுக்கட்டையின் மேல் ஒரு கணம். முப்பத்தெட்டு வருஷம் அந்த விரலுக்குத் தெரிந்த இடம் அது. மூன்று தடவை வாய்ப்பு இருக்கிறது, நேற்று பியானோவே சரியில்லாமல் இருந்திருக்கலாம், இவர்கள் எல்லோரும் சேர்ந்து இன்னும் என்னென்ன செய்திருக்கிறார்களோ என்று உள்ளே ஒரு குரல் சொன்னது.

விரல் இடது பக்கம் நகர்ந்தது. மூன்றில் முதல் கட்டை. அழுத்தினார். ஒலி எழுந்தது. அவருடைய தொண்டைக்குள் ஒரு வருஷத்துக்கு மேலாக இருந்த அதே ஒலி.

“நாலரை,” என்று திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “எல்லாருக்கும் சௌகரியம்தானே?”

டைரக்டர் கட் என்று சொல்ல வாயெடுத்தார். சவுண்டு இஞ்சினியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் யாரும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஹார்மோனியம் வந்து சேர்ந்தது, பிறகு குழல். அஞ்சரையார் பாடினார். முதல் அடி, இரண்டாம் அடி, உச்சி. உச்சியில் குரல் போய் நின்றது, நின்றபடியே நீண்டது, பிசிறில்லாமல் இறங்கியது. தும்மல்கூடத் தும்மவில்லை.

ஒரே தடவை. டைரக்டர், ஆரம்பத்தில் பேசிய இடத்தை மட்டும் வெட்டிவிடலாம் என்றார்.

முதலாளி எழுந்து வந்து கையைக் குலுக்கினார். அஞ்சரையார் அவரை விடவில்லை. இது ஐந்தரை இல்லை, நாலரை என்று எல்லோர் காதிலும் விழும்படி விளக்கினார். போஸ்டரில் வேறு ஐந்தரை என்று போட்டிருக்கிறதே என்று நினைவும் படுத்தினார். முதலாளி பாவம், முழித்தார்.

“எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. நல்லா இருந்துச்சு. இந்தப் படத்துக்கு ஏழும் நீங்கதான்.”

“அடுத்த படத்துக்கு?”

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வானொலிக்காரன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். வணக்கம் சொன்னான். “நான் பாடறது ஒன்றரைதாண்ணே. அதுக்கு மேல போனா எனக்கு வராது. மைக் இருக்கறதால பிழைக்கறேன்.” மரியாதையாகச் சொல்கிறானா, நாலரையும் அனாவசியம் என்று குத்துகிறானா என்று அஞ்சரையார் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். தெரியவில்லை. தோளில் தட்டி அனுப்பினார்.

வாத்தியக்காரர்கள் திரையை விலக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். குழல்காரர் மட்டும் பெட்டியை மூடுமுன் அந்தக் குழலை எடுத்து, நுனியிலிருந்த சிவப்பு நூலைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, உருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மைத்துனன் ஹார்மோனியச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினான்.

“நீயே வெச்சுக்க. இனிமே ராவறதா இருந்தா சொல்லிட்டு ராவு.”

திரும்பும்போது காரில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள் என்று தெரிந்தது. இவர் கேட்கவில்லை. பாதி வழியில் அவள் பையிலிருந்து நாளைய காட்சிக்கான வசனத்தை எடுத்துக் கொடுத்தாள். கனமான கட்டு. அவர் முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். தாளுக்கு ஆறு வரிதான் இருந்தது. ஒவ்வோர் எழுத்தும், மூக்குக் கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி, கடைப் பலகையில் எழுதியதுபோலப் பெரிதாக இருந்தது.

அவர் தாளை மடியில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே, தெருவோரக் கடைகளின் பெயர்ப்பலகைகளைக் கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு திரும்பினார்.

“இந்த வசனகர்த்தா ஒண்ணும் நீட்டி முழக்கல, இல்ல?”

மனைவி நேரே சாலையைப் பார்த்தாள். முன் இருக்கையில் மைத்துனன் மெதுவாகக் கார் ஜன்னலின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான்.